பட்டாசு எத்தனை டிகிரியில் பற்றும்? மெதுவாகச் சூடேறும் மருந்தைப் பற்றி ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். குடியாத்தத்தில் உங்கள் சித்தப்பா தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போடுகிறவர். விற்காமல் மீந்த பெட்டிகளை வீட்டு மாடியில், தகரக் கூரை போட்ட அறையில் அடுக்கி வைத்திருக்கிறார். கத்திரி வெயிலில் அந்த அறைக்குள் இரண்டு நிமிடம் நிற்க முடியவில்லை. பட்டாசில் போடும் கருமருந்து 300 டிகிரிக்கு மேல்தான் பற்றும் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். தகர அறை எவ்வளவுதான் காய்ந்தாலும் 60 டிகிரியைத் தாண்டாது. அப்படியிருக்க, வெயில் படாமல் வைக்கவும் என்று ஏன் சொல்கிறார்கள், பட்டாசு தானாக வெடிக்குமா என்று கேட்கிறீர்கள். சித்தப்பாவோ, "பத்து வருஷமா வெக்கறேன், ஒண்ணும் ஆனதில்ல" என்கிறார்.

நீங்கள் கேட்டது பட்டாசைப் பற்றி. அதற்குள் இருக்கும் கேள்வி வேறு. ஒரு பொருள் இத்தனை டிகிரியில் பற்றும் என்று அதற்கே உரிய எண் ஒன்று உண்டா? அந்த எண்ணுக்குக் கீழே எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் பத்திரமா? இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில். இதை முதலில் விளக்கிவிட்டு மாடி அறைக்கு வருகிறேன். நான் வேதியியல் படித்து, ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ரசாயனப் பொருட்களின் வெப்பப் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்தவன் அல்ல. ஆனால் ரசாயன ஆலையில் வினை நடக்கும் கலன், அதாவது ரியாக்டர், சூடேறிக் கைமீறிப் போவதும் வெடிமருந்து மூட்டை தானாகப் பற்றுவதும் ஒரே கணக்கில் அடங்குகிற விஷயங்கள்.

அந்த 300 எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கையேடுகளில் பற்றும் வெப்பநிலை என்று போட்டிருக்கும் எண்களில் பல ஒரு சோதனைக் குழாயில் அளந்தவை. அரை கிராம் மருந்தைக் குழாயில் போட்டு, உருகிய உலோகக் குளியலில் வைத்து, நிமிடத்துக்கு 20 டிகிரி வீதம் சூட்டை ஏற்றுவார்கள். எப்போது புஸ்ஸென்று பற்றுகிறதோ அதுதான் எண். இன்னொரு வகைச் சோதனையில், ஐந்து விநாடிக்குள் பற்ற வைக்க எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்ப்பார்கள். இரண்டிலும் அளவு கொஞ்சம், நேரமும் கொஞ்சம். எந்த மருந்து எந்த மருந்தைவிடச் சூடு தாங்கும் என்று வரிசைப்படுத்த அந்த எண் உதவும். கிடங்குக்கு அதை வரம்பாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துவிடுவோம்.

நடப்பது என்னவென்றால், வெடிமருந்து எந்த வெப்பநிலையிலும் சும்மா இருப்பதில்லை. அறை வெப்பத்திலும் அதன் மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டேதான் இருக்கும். சிதையும்போது வெப்பம் வரும். அந்த வெப்பம் வெளியே போய்விட்டால் ஒன்றும் ஆகாது. வெளியே போகிற வேகத்தைவிட உள்ளே உண்டாகிற வேகம் மிஞ்சினால் பொருள் சூடாகும். சூடானால் சிதைவு இன்னும் வேகமாகும், அதனால் சூடு இன்னும் கூடும். இந்தச் சுற்று ஒருமுறை பிடித்துக்கொண்டால் தீப்பொறியே தேவையில்லை. ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால், வெளியே கை வைத்தால் குளுமையாக இருக்கும் போர், சில வாரத்தில் நடுவிலிருந்து புகைய ஆரம்பிப்பதைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே முதல் சூட்டைக் கிளப்புவது நுண்ணுயிர்கள், இங்கே வேதிவினை. மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கை 1928-ல் சரியாகப் போட்டுக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் செமியோனோவ். 1956-ல் வேதியியல் நோபல் பரிசை ஹின்ஷெல்வுட்டுடன் பகிர்ந்துகொண்டவர் அவர்தான். வெப்பம் உண்டாகும் வேகம் வெப்பநிலையோடு வளைந்து மேலே பாயும், வெப்பம் வெளியேறும் வேகம் நேர்கோடாக ஏறும், வளைகோடு நேர்கோட்டைத் தொட்டு அதற்கு மேலே போய்விடும் இடம்தான் ஆபத்தின் எல்லை என்றார். 1939-ல் ஃபிராங்க் கமெனெட்ஸ்கி என்ற இன்னொரு சோவியத் விஞ்ஞானி இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். குவியலின் நடுவும் ஓரமும் ஒரே சூட்டில் இருக்காதே, அப்போது என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. வினையின் வேகம், குவியலின் அளவு, வெப்பம் கடத்தும் திறன் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கட்டி, அந்த எண் தட்டைப் பலகைக்கு 0.88, நீண்ட உருளைக்கு 2, உருண்டைக்கு 3.32 என்ற வரம்பைத் தாண்டினால் பற்றியே தீரும் என்று காட்டினார். அந்த எண்ணில் குவியலின் அளவு இருமடியாக (அளவு × அளவு என்று) வருகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். ஒரு உருண்டையின் ஆரத்தை இரட்டிப்பாக்கினால், பழைய வேகத்தில் கால் பங்கு வேகத்தில் சிதைந்தாலே பற்றிவிடும்.

எண் போட்டுப் பார்ப்போம். பல வெடிமருந்துகளில் 10 டிகிரி கூடினால் சிதைவு வேகம் மூன்று, நான்கு மடங்காகும். அப்படியானால் குவியலின் ஆரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் பற்றும் வெப்பநிலை சுமார் 10 டிகிரி இறங்குகிறது. 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள சிறு உருண்டையையும், 25 சென்டிமீட்டர் ஆரமுள்ள மூட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரத்தில் 50 மடங்கு, இருமடியில் 2500 மடங்கு. பற்றும் வெப்பநிலை 55 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். நேரமும் அதே இருமடிக் கணக்கில் நீளும். வெளிச்சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேர சிறு உருண்டைக்கு நாலைந்து நிமிடம், மூட்டைக்கு ஒரு வாரம் ஆகும். எந்த மருந்து, எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். போக்கு மாறாது: அளவு கூடக் கூட, குறைந்த சூட்டிலேயே, ஆனால் தாமதமாகப் பற்றும்.

சோதனைக் கூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டி.எஸ்.சி. என்று ஒரு கருவி உண்டு. மூடி போட்ட குட்டி அலுமினியக் கிண்ணத்தில் ஓரிரு மில்லிகிராம் பொருளை வைப்போம். பக்கத்தில் வெறும் கிண்ணம் ஒன்று. இரண்டையும் ஒரே சீராகச் சூடாக்கி, பொருள் உள்ள கிண்ணம் எப்போது தன் பங்குக்குச் சூட்டைக் கக்குகிறது என்று வரைபடத்தில் பார்ப்போம். தோட்டா மருந்தில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸை நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் ஏற்றினால் 205, 210 வாக்கில் கோடு குபீரென்று மேலே போகும். அதே பொருளை, அதே அளவில், நிமிடத்துக்கு 1 டிகிரி என்று ஏற்றிப் பாருங்கள். உச்சம் 20 டிகிரி வாக்கில் முன்னாலேயே வந்துவிடும். பொருள் மாறவில்லை. நாம் அதற்குக் கூடுதல் நேரம் கொடுத்தோம், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் முதல் முறை இதைப் பார்த்ததும் கருவி பழுது என்றுதான் சொல்வார்கள். "சார், நேத்து இருநூத்து எட்டு வந்துது, இன்னிக்கு நூத்தி எண்பத்தெட்டு வருது" என்பார்கள். வேகத்தை என்ன வைத்தாய் என்று கேட்டால் புரிந்துவிடும்.

இதுவரை சொன்னது உறுதியான பகுதி. எப்போது பற்றும், எங்கே பற்றும் என்பதை நல்ல அளவீடுகள் கையில் இருந்தால் ஓரளவு துல்லியமாகவே சொல்லிவிடலாம். பற்றிய பிறகு என்ன ஆகும், சும்மா எரிந்து அணையுமா, உறை கிழிந்து போகுமா, முழு வெடிப்பாக மாறுமா என்பதைச் சொல்வது இன்றும் கடினம். ராணுவக்காரர்கள் இதற்காகவே நிஜக் குண்டையும் ராக்கெட்டையும் வைத்துச் சுட்டுப் பார்க்கிறார்கள். காரணம் அவர்கள் பட்ட அடி.

1967 ஜூலை 29 அன்று வியட்நாம் கடற்பகுதியில், ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் ஒரு ராக்கெட் தவறிப் பாய்ந்து விமான எரிபொருள் தொட்டியை உடைத்தது. எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது. தீயணைப்பவர்கள் குழாயோடு ஓடி வந்தார்கள். குண்டுகள் சூடாகி வெடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. தளத்தில் இருந்ததோ பழைய கையிருப்புக் குண்டுகள். முதல் குண்டு ஒன்றரை நிமிடத்தில் வெடித்தது. 134 பேர் இறந்தார்கள். 1969 ஜனவரியில் என்டர்பிரைஸ் என்ற இன்னொரு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில், விமானத்தைக் கிளப்பும் வண்டியின் புகைக்குழாயிலிருந்து வந்த சூடான காற்று ஒரு ராக்கெட்டின் முனையைச் சுட்டுச் சுட்டு வெடிக்க வைத்தது. அங்கே தொடக்கத்தில் நெருப்பே இல்லை. 28 பேர் போனார்கள். இதற்கெல்லாம் பிறகுதான் அடிபட்டாலும் சுட்டாலும் எளிதில் வெடிக்காத மருந்துகளைத் தேடும் வேலை சூடு பிடித்தது.

அந்தத் தேடலில் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, எரியும் எரிபொருளின் மேல் குண்டை வைப்பது. இன்னொன்று, அதை ஒரு அடுப்பறைக்குள் வைத்து மிக மெதுவாகச் சூட்டை ஏற்றுவது; நெடுங்காலம் அது மணிக்கு வெறும் 3.3 டிகிரியாக இருந்தது. 50 டிகிரியில் ஆரம்பித்தால் 150 தொட முப்பது மணி நேரம் ஆகும். கப்பலில் பக்கத்து அறையில் தீ புகைந்துகொண்டிருந்தால் கிடங்கு இப்படித்தான் மெதுவாகக் காயும் என்பது அதன் பின்னணி. கேட்பவர்கள் எல்லாரும், நெருப்பில் போடுவதுதான் கொடுமையான சோதனை என்று நினைப்பார்கள். பல நேரம் மெதுவாகச் சூடாக்குவதுதான் மோசமான முடிவைத் தருகிறது.

ஏன்? நெருப்பில் போட்டால் உறையை ஒட்டிய மெல்லிய படலம்தான் முதலில் சூடாகிப் பற்றுகிறது. உறையும் அதே நெருப்பில் இளகியிருக்கும். அங்கேயே கிழிந்து வாயு வெளியேறிவிட்டால், மிச்சம் குளிர்ந்த நிலையிலேயே கிடந்து எரிந்து தீரும். மெதுவாகச் சூடாக்கும்போது மொத்த மருந்தும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துவிடுகிறது. தானாக உண்டாகும் வெப்பம் வெளியேற மிகவும் சிரமப்படும் இடம் நடுப்பகுதி, அதனால் பற்றுவது நடுவில். சுற்றிலும் இன்னும் பற்றாத, ஆனால் நன்றாகக் காய்ந்த மருந்து. அதற்கு வெளியே வலுக்குறையாத உறை. தவிர, இத்தனை மணி நேரத்தில் மருந்துக்குள்ளேயே சேதம் நடந்திருக்கும். டி.என்.டி. என்ற வெடிமருந்து 81 டிகிரியிலேயே உருகிவிடும். எச்.எம்.எக்ஸ். என்ற ராணுவ மருந்து 160 டிகிரியைத் தாண்டும்போது படிக அமைப்பு மாறி, கன அளவு ஆறேழு சதவீதம் பெருக்கிறது. படிகங்கள் விரிசல் விட்டு, பஞ்சுபோல் துளைகள் உண்டாகின்றன. துளைகளுக்குள் சூடான வாயு புகுந்தால் எரியும் பரப்பு பல மடங்காகிவிடும். எரிதல் அழுத்தத்தைக் கூட்டும், அழுத்தம் எரிதலை வேகமாக்கும். உறை தாக்குப்பிடிக்கும் வரை இது ஏறிக்கொண்டே போகும். எந்தப் புள்ளியில் எரிதல் வெடிப்பாக மாறும் என்பதில்தான் ஒரே மாதிரிச் செய்த இரண்டு குண்டுகள்கூட வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன.

அப்புறம் தோட்டாவுக்குள் இருக்கும் உந்துமருந்து. அது தனிக் கதை, நம் ஊருக்கும் நெருங்கிய கதை. புகையில்லா மருந்து என்று சொல்லும் அதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது. நீலகிரியில் அருவங்காடு கார்டைட் ஆலை நூறு வருடத்துக்கு மேலாக இந்தக் குடும்பத்து மருந்தைத்தான் செய்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும். அவையும் அவற்றிலிருந்து உண்டாகும் அமிலமும் மிச்சத்தை இன்னும் வேகமாகச் சிதைக்கும். வெப்பம் மட்டுமல்ல, தன் கழிவே தன்னைத் தின்னும். ஆரம்ப காலத்தில் இது தெரியாமல் ஆலைகளும் கப்பல்களும் போயின. 1907-ல் தூலோன் துறைமுகத்தில் ஐயேனா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் வெடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1911-ல் அதே துறைமுகத்தில் லிபெர்த்தே வெடித்து இருநூறு பேருக்கு மேல். இரண்டிலும் பழி விழுந்தது, கிடங்கில் நாட்பட்டுக் கெட்டுப்போன புகையில்லா மருந்தின் மேல்தான்.

பின்னாளில் டைபினைல்அமீன் போன்ற நிலைநிறுத்திகளைச் சிறிதளவு கலக்க ஆரம்பித்தார்கள். மருந்து விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அது உடனே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் சுற்று ஆரம்பிக்காது. ஆனால் பிடிக்கப் பிடிக்க அது தீர்ந்துகொண்டே வரும். வெயில் கூடிய இடத்தில் சீக்கிரம் தீரும். தீரும் வரை வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ராணுவக் கிடங்குகளில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, நிலைநிறுத்தி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதும், சூடாக்கி மெத்தில் வயலெட் தாள் எவ்வளவு நேரத்தில் நிறம் மாறுகிறது என்று பார்ப்பதும் இதற்குத்தான். "போன வருஷமும் இதே வெயில்தான், ஒண்ணும் ஆகலை" என்ற வாதம் இந்த வகை மருந்தில் தலைகீழானது. போன வருடத்து வெயிலும் கையிருப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறது.

நம் ஊர் என்றேனே, காரணம் தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளின் ஃபினிஷிங் பிரிவில் தோலுக்குப் பளபளப்புக் கொடுக்க அடிக்கும் லேக்கரில் இதே நைட்ரோசெல்லுலோஸ் உண்டு. நைட்ரஜன் அளவு குறைந்த ரகம். கரைப்பானிலோ தண்ணீர்க் கலவையிலோ இருக்கும் வரை அது மற்ற எரியும் திரவங்களைப் போலத்தான், தானாக வெடிக்கும் பயம் இல்லை. பிரச்சினை அது காயும்போது. ஸ்ப்ரே பூத்தின் சுவரிலும் எக்ஸாஸ்ட் குழாயிலும் தெறித்த லேக்கர் நாள்பட்டு, விரல் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும் பழுப்புப் படலமாகப் படியும். தோலுக்குப் போடும் எண்ணெயும் தூசும் அதில் கலந்திருக்கும். அதைச் சுரண்டி, மூட்டையில் கட்டி, கொட்டகைக்குப் பின்னால் வெயிலில் போட்டுவைக்கும் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். செதிலாகச் சுவரில் இருந்தவரை சூடு வெளியேறிக்கொண்டிருந்தது. மூட்டையாகக் கட்டியதும் நடுப்பகுதிக்கு வழியில்லை. மேலே சொன்ன இருமடிக் கணக்கு அப்படியே இங்கே பொருந்தும். சுரண்டியதை உடனே தண்ணீர் உள்ள டிரம்மில் போட்டு நனைத்து வைக்க வேண்டும், அன்றன்றைக்கு அப்புறப்படுத்த வேண்டும். சுரண்டவும் இரும்புத் தகடு வேண்டாம், மரக்கட்டையோ பித்தளையோ போதும்.

காய்ந்த நைட்ரோசெல்லுலோஸ் வெறும் வெயில் சூட்டிலேயே என்ன செய்யும் என்பதற்கு 2015 ஆகஸ்ட் 12-ல் சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் நடந்ததைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. நைட்ரோசெல்லுலோஸை எப்போதும் ஆல்கஹாலிலோ தண்ணீரிலோ நனைத்துத்தான் அனுப்புவார்கள். அங்கே கொள்கலனுக்குள் இருந்த பொதிகளில் அந்த ஈரம் கோடை வெயிலில் ஆவியாகிப் போய்விட்டது. காய்ந்த பகுதி தானாகச் சூடேறிப் பற்றியது என்பது அரசு விசாரணையின் முடிவு. அந்தத் தீ பக்கத்துச் சரக்குகளுக்குத் தாவி, உரமாகவும் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட்டை, நூற்றுக்கணக்கான டன்னை, தொட்டபோதுதான் பெரிய வெடிப்பு. 170 பேர் வாக்கில் இறந்தார்கள், பெரும்பாலோர் தீயணைப்பு வீரர்கள். யாரும் அங்கே தீக்குச்சி கிழிக்கவில்லை. கையேட்டில் போட்டிருக்கும் பற்றும் எண்ணை நம்பிக்கொண்டிருந்தால் இது நடக்கவே முடியாத விபத்து.

அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் 2020-ல் பெய்ரூட் துறைமுகத்தில் அது வெடித்த விபத்துக்குப் பிறகு சென்னை மணலிக் கிடங்கில் இருந்த கையிருப்பை நினைத்துத் தமிழ்நாடே பயந்தது. அது வெயிலில் வெடிக்கிற பொருள் அல்ல. சுமார் 170 டிகிரியில் உருகும், அதற்கும் மேலேதான் வேகமாகச் சிதையும். வேலூர் வெயில் அதற்குச் செய்யும் கெடுதல் வேறு: 32 டிகிரியில் அதன் படிக வடிவம் மாறி மூன்று, நான்கு சதவீதம் விரியும். நம் பக்கம் வருடத்தில் பாதி நாட்கள் பகலில் அந்தக் கோட்டைத் தாண்டி இரவில் திரும்பி வருவதால், குருணை உடைந்து மாவாகி, ஈரத்தில் கட்டிதட்டிப் போகும். அதை ஆபத்தாக்குவது தீயும், அடைப்பும், எண்ணெய் போன்ற கலப்பும்தான். 1947-ல் டெக்சாஸ் சிட்டியில் கப்பலின் சரக்கறையில் புகைந்ததும், தண்ணீர் விட்டால் சரக்கு வீணாகும் என்று மூடியை அடைத்து நீராவியைச் செலுத்தினார்கள். அடுப்புக்கு மூடி போட்டதுபோல் ஆனது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சரி, இப்போது மாடி அறை. சிவகாசியில் முறையாகச் செய்த, காய்ந்த, உடையாத பட்டாசு 55, 60 டிகிரி சூட்டில் வெப்பத்தால் மட்டுமே தானாகப் பற்றுவது மிகவும் அரிது. கருமருந்து வகையின் முக்கியச் சரக்கான வெடியுப்பு அந்தச் சூட்டில் அசைவதில்லை. கந்தகமும் கரியும் அதோடு சேர்ந்தாலும் வினை மிகமிக மெதுவு. ஒரு வெடியில் உள்ள மருந்தோ சில கிராம்தான், நடுவில் காகிதம் தடுக்கிறது. இதுவரை உங்கள் சித்தப்பா சொல்வது சரி. மருந்தாக, தளர்வாக, கிலோக் கணக்கில் ஓரிடத்தில் குவித்து வைப்பது முற்றிலும் வேறு விஷயம். செய்யும் இடங்களில் விபத்துகள் நடப்பதும் அந்தக் கட்டத்தில்தான்.

ஆனால் சூடு தனியாக வருவதில்லை. மாடி அறையில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறும், பங்குனி, சித்திரையில் காயும். கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, வெளிச்சம் தரும் வெடிகளில் அலுமினியம், மெக்னீசியம் தூள்கள் உண்டு. ஈரம் பட்டால் அவை மெதுவாக வினைபுரிந்து தாங்களே சூட்டை உண்டாக்கும். சில கலவைகளில் இந்த வினை, வெளிச்சூடு சேர்ந்தால் வேகம் பிடிக்கும். இன்னொரு கெட்ட கூட்டணி குளோரேட் என்ற உப்பும் கந்தகமும். கந்தகத்தில் எப்போதும் கொஞ்சம் அமிலம் இருக்கும், ஈரத்தில் அது கூடும். அமிலம் பட்ட குளோரேட் நிலைகொள்ளாது, லேசான உரசலுக்கும் சூட்டுக்கும் பற்றும். இங்கிலாந்தில் 1894-லேயே இந்தக் கலவையைத் தடை செய்தார்கள், இந்தியாவில் 1992-ல். உங்கள் ஊருக்கு நன்றாகத் தெரிந்த தீக்குச்சித் தலை போன்ற சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. பெயரில்லாத பெட்டியில், மலிவு விலைக்கு வந்த வெடியில் என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதில் என் கணக்கு எதுவும் செல்லாது.

வேறொன்று. பட்டாசுக் கிடங்கு தானாகப் பற்றியது என்று செய்தி வரும்போதெல்லாம் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சாட்சியம் முழுக்க எரிந்துபோயிருக்கும். யாரோ பெட்டியைத் தரதரவென்று இழுத்தது, மின்கம்பியில் பொறி வந்தது, பக்கத்தில் பீடி பற்றவைத்தது, எல்லாமே விசாரணையில் தானாக என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடக்கூடும். உண்மையான தன்வெப்பப் பற்றுதல் அதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது நிபுணர்களுக்கும் சிரமம். சூடும் வறட்சியும் செய்கிற பெரிய வேலை, மருந்தைப் பற்றும் எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. காய்ந்து, சூடாகி, பெட்டி ஓரத்தில் தூளாகக் கொட்டிய மருந்துக்கு ஒரு சின்ன உரசல் போதும்.

வேலூர்ப் பக்கம் இரவிலும் பெரிதாகக் குளிராது. மரமில்லாத மலை என்று நம்மூரைக் கிண்டல் செய்வார்களே, அந்தப் பாறைகளும் கான்கிரீட் மாடியும் பகலில் குடித்த வெயிலை நள்ளிரவு வரை கக்கும். சூடு வெளியேற இரவு கொடுக்கும் அவகாசம் நமக்குக் குறைவு.

செய்ய வேண்டியது இது. தீபாவளிக் கடைக்குக் கிடைக்கும் தற்காலிக உரிமம் அந்த விற்பனைக் காலத்துக்கு மட்டும்தான். வருடம் முழுக்க வீட்டு மாடியில் வைக்க அது அனுமதி அல்ல, அதனால் இப்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டும். முதலில் பகல் பன்னிரண்டு மணிச் சூட்டில் பெட்டிகளைத் தொடாதீர்கள், விடிகாலையில் போங்கள். பெட்டியைத் தரையில் இழுக்காமல் தூக்குங்கள். தூளாகக் கொட்டியிருந்தால் துடைப்பம் போடாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சில பெட்டிகள்தான், நனைந்ததும் உடைந்ததும் என்றால், திறந்த வெளியில் பெரிய வாளித் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவிட்டுப் பிறகு அப்புறப்படுத்தலாம். குவித்து வைத்துக் கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது. அறை நிறைய இருக்கிறது என்றால் நீங்களே எதுவும் செய்ய வேண்டாம். குடியாத்தம் தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், அல்லது 101-க்குப் போன் செய்யுங்கள். உடையாத, பெயர் போட்ட பெட்டிகளை எடுத்துக்கொள்வாரா என்று, உரிமம் பெற்ற கிடங்கு வைத்திருக்கும் மொத்த வியாபாரியிடம் சித்தப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். விலை குறைத்துத்தான் எடுப்பார். அடுத்த தீபாவளிக்குச் சரக்கு எடுக்கும்போதே மீந்ததைத் திருப்பித் தரும் பேச்சை முடித்துக்கொண்டால் மாடி அறையே தேவைப்படாது.